சைக்கிள் பற்றிக் கேட்டால்: ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வுக்கான பயிற்சி

இந்த அத்தியாயத்தில் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். பேச்சுத் தேர்வில் ஸ்பெல்லிங்குக்கு மதிப்பெண் கிடையாது. கண்ணால் படித்துத் தாண்டிப் போகாமல் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் வீடு, ஊர், பழக்கவழக்கம் என்று சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாம் பகுதியில் கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாம், பிறகு இரண்டு நிமிடம் வரை நீங்களே பேச வேண்டும். மூன்றாம் பகுதி அதையொட்டிய விவாதம். சைக்கிள் இந்த மூன்றில் எதிலும் வரலாம். முதல் பகுதியில் 'சின்ன வயதில் சைக்கிள் ஓட்டினீர்களா?' என்று நேராகவே வரும். அட்டையில் 'சிறுவயதில் கற்ற திறமை', 'மறக்க முடியாத பரிசு' என்று மறைமுகமாக வரும். விவாதத்தில் போக்குவரத்து, சுற்றுச்சூழல் என்று பெரிய வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

மதிப்பெண் நான்கு விஷயங்களுக்கு, நான்குக்கும் சம எடை: தடங்கலில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. உங்கள் கருத்து சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் இல்லை. ஜூன் 3 உலக சைக்கிள் நாள், ஐ.நா. சபை 2018-இல் அறிவித்தது என்று ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். பொது அறிவுத் தேர்வென்றால் பலன் உண்டு. இங்கே அது வெறும் ஒரு வாக்கியம்.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம்

'டூ யூ லைக் ரைடிங் எ பைக்?' என்று கேட்டதும், 'யெஸ், பைசைக்கிள் இஸ் அன் ஈகோ-ஃப்ரெண்ட்லி வெஹிக்கிள், இட் இஸ் குட் ஃபார் ஹெல்த்' என்று பள்ளிக் கட்டுரையை எடுத்துவிடுவார்கள். மூன்று வாக்கியத்தில் கட்டுரை தீர்ந்துவிடும். பிறகு மௌனம். உலகத்தில் உள்ள சைக்கிள்களைப் பற்றிப் பேச நம்மிடம் அதிகம் இருக்காது. நம் வீட்டுத் திண்ணையில் சாத்தியிருந்த சைக்கிளைப் பற்றி என்றால் பேச்சு நிற்காது. இந்த அத்தியாயத்தில் வரும் பயிற்சி எல்லாம் அந்த ஒரு சைக்கிளை வைத்துத்தான்.

இன்னொரு சறுக்கலும் உண்டு. நம் ஊரில் 'பைக்' என்றால் ஸ்பிளெண்டரும் பல்சரும். தேர்வறையில் 'பைக்' என்றால் சைக்கிள். மிதிவண்டியைக் கேட்கும்போது பெட்ரோல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஆங்கிலம் நன்றாகவே இருந்தாலும் கேள்வி புரியவில்லை என்று ஆகிவிடும். மோட்டார் வண்டியைச் சொல்ல வேண்டுமென்றால் 'மோட்டர்பைக்' என்று முழுதாகச் சொல்லுங்கள்.

முதல் வேலை: உங்கள் சைக்கிளைத் தாளில் இறக்குங்கள்

இதைத் தமிழிலேயே செய்யுங்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் தெரிந்த சொல்லுக்கு ஏற்ற நினைவு மட்டும்தான் வரும்.

1. யாருடைய சைக்கிள் என்று எழுதுங்கள். அப்பாவுடையதா, வாடகைக்கு எடுத்ததா, பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்ததா?
2. ஓட்டக் கற்றுக்கொண்ட இடம். பள்ளி மைதானமா, கோயில் வீதியா, ஏரிக்கரையா?
3. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தது யார்?
4. விழுந்தது எப்படி, அடி எங்கே?
5. பஞ்சர், செயின் கழன்றது, பிரேக் பிடிக்காமல் போனது என ஏதாவது ஒரு தகராறு.
6. அந்த சைக்கிள் இப்போது எங்கே? காயலான் கடைக்குப் போய்விட்டதா, தம்பி ஓட்டுகிறானா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நேற்றைய கதையை இன்றோடு இணைக்கும்போது காலம் காட்டும் வினைவடிவங்கள் தானாக மாறும். இலக்கண மதிப்பெண்ணுக்கு அதுதான் சுலபமான வழி.

அடுத்தது: கடைப்பேச்சை ஆங்கிலமாக்குவது

சைக்கிள் கடையில் நாம் பேசுவதில் பாதி ஆங்கிலம்தான், ஆனால் அப்படியே கொண்டுபோனால் செல்லாது. இவற்றைச் சொல்லிப் பழகுங்கள்:

- செயின் கழன்றது: 'த செயின் கேம் ஆஃப்.'
- காற்று இறங்கிவிட்டது: 'த டயர் வென்ட் ஃப்ளாட்.'
- காற்றடித்தேன்: 'ஐ பம்ப்ட் அப் த டயர்ஸ்.'
- தள்ளிக்கொண்டே வந்தேன்: 'ஐ ஹேட் டு புஷ் இட் ஆல் த வே ஹோம்.'
- தங்கச்சியை டபுள்ஸ் வைத்துப் போனேன்: 'ஐ கேவ் மை சிஸ்டர் எ ரைட் ஆன் த பேக்.'
- ஓவராயில் பண்ணக் கொடுத்தேன்: 'ஐ ஹேட் இட் ஓவர்ஹால்ட்.'

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நாம் செய்யவில்லை, வேறொருவரைக் கொண்டு செய்வித்தோம் என்பதை 'ஹேட் இட்' காட்டிவிடுகிறது. 'ஐ ஹேட் இட் ரிப்பேர்ட்', 'ஐ ஹேட் இட் பெயின்டட்' என்று இதே அச்சில் வேண்டிய அளவு வார்க்கலாம்.

ஆங்கிலத்தில் நேரான சொல் இல்லாதபோது பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். குரங்குப் பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சொல் தேடி மேலே பார்க்க வேண்டாம், செய்ததைச் சொல்லுங்கள்: 'ஐ வாஸ் டூ ஷார்ட் ஃபார் த சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் த்ரூ த ஃப்ரேம் அண்ட் பெடல்ட் ஸ்டாண்டிங் அப்.' தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் சுற்றி வளைத்துச் சொல்வதும் சொல்வளத்தில் கணக்காகிறது. தேர்வாளர் கண்ணில் ஒரு சிறுவன் பார் கம்பிக்குக் கீழே கால் விட்டு ஓட்டுவது தெரிந்துவிடும். 'மங்கி பெடல்' என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.

திரும்பத் திரும்ப வரும் பிழைகள்

இவை நம் தமிழ் வாக்கிய அமைப்பிலிருந்து வருபவை. அதனால் படித்தவர்களுக்கும் வரும்.

- 'ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்' வேண்டாம். 'ஐவ் காட் எ பைக்.'
- 'டிரைவ் எ சைக்கிள்' வேண்டாம். சைக்கிளுக்கு 'ரைட்' மட்டும்தான்.
- 'மை ஃபாதர் டாட் மீ சைக்கிள்' அரைகுறை. 'மை ஃபாதர் டாட் மீ ஹவ் டு ரைட் எ பைக்.'
- 'ஐ ஃபெல் டவுன் ஃப்ரம் த சைக்கிள்' என்றால் புரியும், ஆனால் இயல்பாக இருக்காது. 'ஐ ஃபெல் ஆஃப் மை பைக்.'
- 'ஐ ஆம் ரைடிங் சின்ஸ் டென் இயர்ஸ்' தவறு. 'ஐவ் பீன் ரைடிங் ஃபார் டென் இயர்ஸ்.'
- 'டிராஃபிக் இஸ் மோர்' தவறு. 'தேர்ஸ் எ லாட் ஆஃப் டிராஃபிக்.'
- தேவையில்லாத 'ஹேட்'. 'மை அங்கிள் ஹேட் கிவன் மீ எ சைக்கிள்' என்று கதையைத் தொடங்காதீர்கள். 'மை அங்கிள் கேவ் மீ எ பைக்' போதும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்த முயல வேண்டாம். உங்கள் வாயில் அடிக்கடி வருவது எந்த இரண்டு என்று பார்த்து அவற்றை முதலில் ஒழியுங்கள்.

முதல் பகுதி: மூன்று வாக்கியக் கணக்கு

1. முதல் வாக்கியத்தில் நேர் பதில்.
2. இரண்டாவதில் உங்கள் தாளிலிருந்து ஒரு விவரம்.
3. மூன்றாவதில் இன்றைய நிலை, அல்லது ஒரு காரணம்.

கேள்வி: 'டிட் யூ ஹேவ் எ பைக் வென் யூ வேர் யங்?'

வெறும் 'யெஸ் சார், ஐ ஹேட்' என்றால் அடுத்த கேள்வியைத் தவிர தேர்வாளருக்கு வழியில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'ஐ டிட், பட் இட் வாஸ் மை ஃபாதர்ஸ், அண்ட் இட் வாஸ் ஃபார் டூ பிக் ஃபார் மீ. ஐ யூஸ்ட் டு டேக் இட் அவுட் இன் தி ஆஃப்டர்நூன் வென் ஹீ வாஸ் அஸ்லீப். வீவ் ஸோல்ட் இட் நவ், சேட்லி.'

நான்கு வாக்கியத்தைத் தாண்டினால் தேர்வாளர் குறுக்கிட்டு அடுத்ததைக் கேட்கலாம். அது கோபமில்லை, அவருக்கு நேரக் கணக்கு இருக்கிறது. பாதி வாக்கியத்தில் நிறுத்த நேர்ந்ததே என்று பதறாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

குறிப்பு: கேள்வி காதில் விழவில்லையென்றால் 'ஸாரி, குட் யூ ரிப்பீட் தட்?' என்று கேளுங்கள். புரியாத கேள்விக்குப் புரிந்ததுபோல் பதில் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டாம் பகுதி: அட்டையும் ஒரு நிமிடமும்

அட்டை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: சிறுவயதில் நீங்கள் கற்ற ஒரு திறமை. என்ன திறமை, யார் சொல்லிக்கொடுத்தார்கள், எப்படிக் கற்றீர்கள், கற்றபோது எப்படி இருந்தது என்று நான்கு குறிப்புகள். தாளும் பென்சிலும் தருவார்கள்.

1. முதல் சில நொடிகளில் முடிவெடுங்கள். சைக்கிளா நீச்சலா என்று அரை நிமிடம் தடுமாறினால் குறிப்பெழுத நேரம் இருக்காது.
2. வாக்கியம் எழுதாதீர்கள். தனிச் சொற்கள் மட்டும்: 'ரெட் பைக், ஹையர், ஸ்கூல் கிரௌண்ட், பிரதர், வால், ஸ்கார்'. தமிழில் எழுதினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.
3. கடைசி வார்த்தையை வட்டமிடுங்கள். எங்கே போய் முடிக்கப்போகிறோம் என்று தெரிந்தால் நடுவில் திணறல் குறையும்.

வாக்கியம் வாக்கியமாக எழுதுபவர் இரண்டு வரிக்கு மேல் எழுதியிருக்க மாட்டார், அதற்குள் நிமிடம் முடிந்துவிடும். அந்த இரண்டு வரியையும் குனிந்து வாசிப்பார். அதோடு சரி.

அருப்புக்கோட்டையில் வாடகை சைக்கிளில் கற்ற ஒருவர் இப்படித் தொடங்கலாம்:

'த ஸ்கில் தட் கம்ஸ் டு மைண்ட் இஸ் ரைடிங் எ பைக். ஐ மஸ்ட் ஹேவ் பீன் அபௌட் நைன். வீ டிட்ன்ட் ஓன் ஒன், ஸோ மை எல்டர் பிரதர் ஹையர்ட் எ ஸ்மால் ரெட் ஒன் ஃப்ரம் எ ஷாப் நியர் த பஸ் ஸ்டாண்ட். யூ பெய்ட் பை தி அவர்.'

இங்கே 'ஐ மஸ்ட் ஹேவ் பீன் அபௌட் நைன்' என்பது ஒன்பது வயது இருக்கும் என்ற நம் பேச்சுத் தொனியை அப்படியே தருகிறது. 'வென் ஐ வாஸ் நைன் இயர்ஸ் ஓல்ட்' என்பதைவிட ஒரு படி மேல்.

'எவ்ரி சண்டே ஹீ வுட் டேக் மீ டு த ஸ்கூல் கிரௌண்ட் அண்ட் ரன் பிஹைண்ட் மீ, ஹோல்டிங் த சீட். ஒன் டே ஐ செட் சம்திங் டு ஹிம் அண்ட் காட் நோ ஆன்ஸர். ஐ லுக்ட் பேக், அண்ட் ஹீ வாஸ் ஸ்டாண்டிங் அட் தி அதர் எண்ட் ஆஃப் த கிரௌண்ட், லாஃபிங். அண்ட் த மோமென்ட் ஐ லுக்ட் பேக், ஐ ஹிட் த வால்.'

வழக்கமாக நடந்ததற்கு 'வுட்', ஒருநாள் நடந்ததற்கு 'லுக்ட்', 'ஹிட்', நடந்துகொண்டிருந்ததற்கு 'வாஸ் ஸ்டாண்டிங்'. இலக்கணப் புத்தகத்தில் மூன்று பாடமாக இருப்பது ஒரு விழுதலில் வந்துவிட்டது. முடிவு:

'ஐ ஸ்டில் ஹேவ் எ ஸ்கார் ஆன் மை நீ. ஐ ஹேவ்ன்ட் ரிடன் ஃபார் இயர்ஸ், பட் ஐம் ஷ்யூர் ஐ குட் ஸ்டில் டூ இட்.'

இது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். மீதியை நிரப்ப, அண்ணன் எப்படிப்பட்டவர், வாடகைக் காசு எங்கிருந்து வந்தது, அடிபட்டதை வீட்டில் எப்படி மறைத்தீர்கள் என்று பக்கவாட்டில் விரியுங்கள். 'ஸைக்கிளிங் இஸ் வெரி யூஸ்ஃபுல்' என்று கட்டுரைக்குத் திரும்பிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளரே நிறுத்தச் சொல்வார்.

இதே கதையைப் பரிசு, பயந்த தருணம், உதவி செய்த ஒருவர் என்று வேறு அட்டைகளுக்கும் திருப்பலாம். ஆனால் திருப்பும்போது தொடக்கம் மாற வேண்டும். 'உதவி செய்தவர்' என்றால் அண்ணனிலிருந்து தொடங்குங்கள், சைக்கிள் பிறகு வரட்டும்.

மூன்றாம் பகுதி: ஊரைப் பற்றிப் பேசுவது

இங்கே 'நான்' குறைந்து 'மக்கள்' வர வேண்டும். ஆனாலும் காற்றில் பேசக் கூடாது. ஒரு கருத்து, ஒரு காரணம், ஓர் ஊர், முடிந்தால் ஒரு மறுபக்கம்.

'சைக்கிள் மக்கள் வாழ்க்கையை மாற்றியிருக்கிறதா?' என்ற கேள்விக்கு நம்மிடம் உலகமே கேட்கத் தகுந்த பதில் ஒன்று இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி வெளியுலகுக்கும் கொண்டுபோனார். நம் ஊர்க்காரர்கள் இதை விட்டுவிட்டு ஆம்ஸ்டர்டாம் என்று ஆரம்பிப்பதுதான் எனக்கு வருத்தம்.

'டெஃபினட்லி, எஸ்பெஷலி ஃபார் விமன். தேர்ஸ் எ டிஸ்ட்ரிக்ட் இன் மை ஸ்டேட் வேர் தௌஸண்ட்ஸ் ஆஃப் விமன் லேர்ன்ட் டு ரைட் இன் தி எர்லி நைன்டீஸ், அஸ் பார்ட் ஆஃப் எ லிட்டரஸி கேம்பெய்ன். பிஃபோர் தட், மெனி ஆஃப் தெம் ஹேட் டு வெய்ட் ஃபார் எ பஸ், ஆர் ஃபார் எ மேன் டு டேக் தெம்.'

'நகரங்களில் ஏன் சைக்கிள் குறைந்துவிட்டது?' என்றால் மேம்பாலம், பேருந்து நெரிசல், வெயில், ஓரத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிகள் என்று உங்கள் சாலையில் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். நெதர்லாந்தில் மக்கள்தொகையைவிட சைக்கிள்கள் அதிகம் என்பது உண்மைதான். அதைச் சொல்வதானால் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்: 'இட் ஒர்க்ஸ் தேர் பிகாஸ் த லேண்ட் இஸ் ஃப்ளாட் அண்ட் தேர் ஆர் ஸெபரேட் லேன்ஸ், இன் சென்னை யூ ஷேர் த ரோட் வித் பஸஸ்.' எண்ணிக்கை தெரியாவிட்டால் சதவீதம் எதையும் கற்பனை செய்ய வேண்டாம். 'எ லாட் ஆஃப்', 'ஃபியூவர் அண்ட் ஃபியூவர் பீப்பிள்' போதும்.

உச்சரிப்பு

தமிழ் வாடை அடிப்பதற்காக மதிப்பெண் குறையாது. புரியாமல் போனால் குறையும். சைக்கிள் பேச்சில் கவனிக்க வேண்டியவை சில:

- 'பைசைக்கிள்' இல்லை, 'பை-ஸிகிள்'. அழுத்தம் 'பை' மேல். தனியாக 'சைக்கிள்' என்றால் மட்டும் 'ஸை'.
- 'வெஹிக்கிள்' இல்லை, 'வீ-யிகிள்'.
- 'இஸ்கூல்', 'இஸ்டாண்ட்' என்று முன்னால் ஓர் இகரம் ஒட்ட விடாதீர்கள்.
- 'லுக்ட்', 'ஸ்டாப்ட்', 'பம்ப்ட்': கடைசியில் ஒரு சின்ன 'ட்' மட்டும். 'ஸ்டாப்பெட்' வேண்டாம். 'ட்' விழுங்கப்பட்டால் கடந்த காலமே காணாமல் போய்விடும்.
- 'ஃபெல் ஆஃப்' என்பதில் இரண்டு 'ஃப'. மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். 'பெல் ஆப்' என்றால் சைக்கிள் மணி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பழகும் வரிசை

1. போனில் ரெக்கார்டரைப் போட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது.
2. உடனே கேட்காதீர்கள். அடுத்த வேலையைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள், அப்போதுதான் பிழை காதில் விழும்.
3. பதிலை எழுதித் திருத்த வேண்டாம். எழுதினால் மனப்பாடம் ஆகிவிடும். பிழையான வாக்கியத்தை மட்டும் சரியாக ஐந்தாறு முறை சொல்லுங்கள்.
4. அதே கேள்விக்கு வேறு விவரத்தோடு மறுபடி பதில் சொல்லுங்கள்.
5. கடைசியாக யாரையாவது எதிரே உட்கார வைத்துப் பேசுங்கள். வீட்டில் கேலி செய்வார்கள் என்றால் உங்களோடு தேர்வெழுதும் நண்பர் போதும்.

எச்சரிக்கை

மனப்பாடப் பதில் இந்தத் தேர்வில் ஆபத்து. ஒப்பிக்கும்போது குரல் சமமாகிவிடும், கண் ஓரிடத்தில் நிலைத்துவிடும். தேர்வாளர்கள் அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள். நீங்கள் எதிர்பார்க்காத கேள்விக்கு அவர் தாவிவிடலாம். அங்கே உங்கள் உண்மையான ஆங்கிலமும் ஒப்பித்த ஆங்கிலமும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

'நாளைக்கு வரப்போகிற கேள்வி' என்று பணம் வாங்கிக்கொண்டு பட்டியல் தருபவர்களிடம் போகாதீர்கள். தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவர் இன்னும் ஆபத்து. மதிப்பெண்ணை விசா அலுவலகமும் பல்கலைக்கழகமும் இணையத்தில் சரிபார்க்கின்றன. பணமும் போகும், விசாவும் போகும். தேர்வு நாளில், பதிவு செய்தபோது கொடுத்த அதே பாஸ்போர்ட்டைக் கொண்டு போங்கள். போனை உள்ளே எடுத்துப்போக முடியாது. உரையாடல் முழுக்கப் பதிவாகும், அது உங்களுக்கும் பாதுகாப்புதான். மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யக் கேட்டால் அந்தப் பதிவைத்தான் மறுபடி கேட்பார்கள்.

சைக்கிளே ஓட்டத் தெரியாதவர்களுக்கு

ஓட்டத் தெரியும் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அடுத்த கேள்விக்கும் அதற்கடுத்ததற்கும் பொய்யைக் கட்டிக்கொண்டே போக வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். 'இல்லை' என்பதற்குப் பின்னாலும் கதை இருக்கிறது: 'டு பி ஹானஸ்ட், ஐ நெவர் லேர்ன்ட். வீ லிவ்ட் ஆன் எ பிஸி ரோட் அண்ட் மை மதர் வுட்ன்ட் லெட் மீ. ஐ யூஸ்ட் டு ஸிட் ஸைட்வேஸ் ஆன் த பேக் ஆஃப் மை ஃபாதர்ஸ் பைக், ஹோல்டிங் ஹிஸ் லஞ்ச் பேக்.' இனி கற்றுக்கொள்வீர்களா என்று தேர்வாளர் கேட்கலாம். அதற்கும் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: 'மேபி, இஃப் ஐ எண்ட் அப் இன் எ டவுன் வித் ப்ராப்பர் ஸைக்கிள் லேன்ஸ்.'